பட்டை ஏத்தின பிறகு வர்ற அதிர்வு: பினியன் கோணத்தைப் பாருங்க

அண்ணே, லோடு வண்டியில பின்பக்க லீஃப் ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூடுதலாப் போட்ட பிறகு, மண்டபம் ஊர்ல இருந்து மீன் பெட்டியோட கிளம்பினா வேகம் 60 தாண்டினதும் அடியில உதறுதுன்னு எழுதியிருந்தீங்க. வீல் பேலன்ஸ் பார்த்தாச்சுன்னா அடுத்த சந்தேகம் பினியன் கோணந்தான், அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாஃப்ட் பின் ஆக்சில்ல சேர்ற இடத்துல இருக்கிற பல்சக்கரத் தண்டு (பினியன்) எவ்வளவு சரிஞ்சு நிக்குதுங்கிறது.

முதல்ல ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் இருக்கிற ஜாயிண்ட் கிராஸை (சிலுவை மாதிரி இணைப்பு) ஆட்டிப் பாருங்க. நம்ம உப்புக்காத்துல ஊசி பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆட்டம் இருந்தா கோணம் அளந்து பிரயோஜனமே இல்ல.

அளக்கும்போது தயவுசெஞ்சு ஆக்சிலைத் தொங்கவிட்டு ஜாக்கி போடாதீங்க. சமதளத்துல, நாலு சக்கரமும் தரையில, வழக்கமான லோடோட நிக்கணும். போன்ல இருக்கிற மட்டம் பார்க்கிற ஆப் போதும். கியர்பாக்ஸ் பிளாஞ்ச் (ஷாஃப்ட்டை மாட்டுற தட்டு), ஷாஃப்ட் குழாய், பினியன் பிளாஞ்ச் மூணுலயும் அளங்க. ஒரே துண்டு ஷாஃப்ட்ல, பின்னோக்கிய சரிவு கியர்பாக்ஸ் 3, ஷாஃப்ட் 5, பினியன் 3 டிகிரின்னா ரெண்டு ஜாயிண்ட்லயும் 2 டிகிரி. ஒண்ணோட உதறலை இன்னொண்ணு அடக்கிரும். பட்டை வண்டியில இழுவையில பினியன் மூக்கு (முன்முனை) தூக்கும், அதனால ஒரு டிகிரி தாழ்த்தி வைக்கிறது நல்லது.

திருத்த, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல இரும்பு ஆப்பு வைக்கணும். பட்டை ஆக்சிலுக்கு மேல இருந்தா, தடிச்ச பக்கம் முன்னால வந்தா மூக்கு இறங்கும். அலுமினிய ஆப்பு வேண்டாம், லோடுக்கு நசுங்கும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, பட்டையை ஆக்சிலோட பிடிக்கிற யூ போல்ட்டை மறுபடி முறுக்குங்க. மூணு அளவையும் இங்கே போடுங்க, எத்தனை டிகிரி ஆப்புன்னு சொல்றேன்.