பூட்டுப் படம் இருந்தும் போலித் தளமா?

கேள்வி: வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு மெயில். உள்ளே இருக்கும் லிங்க்கில் வங்கியின் பெயர் சரியாகவே இருக்கிறது. திறந்தால் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படமும் தெரிகிறது. நம்பலாமா?

பதில்: இரண்டும் சான்றாகாது. மெயிலில் நீல நிறத்தில் தெரிவது வெறும் எழுத்து. அதற்குப் பின்னால் எந்த முகவரியையும் ஒளித்து வைக்கலாம். கணினியில் லிங்க்கைச் சொடுக்காமல், அதன்மேல் மவுஸை மட்டும் நிறுத்துங்கள்; உண்மையான முகவரி பெரும்பாலும் திரையின் கீழ் மூலையில் தெரியும். கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும்.

அந்த முகவரியைப் படிக்கத் தெரிவதுதான் முக்கியம். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு வரும். அதைத் தாண்டி வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். 'நம்வங்கி டாட் காம் டாட் சரிபார் டாட் நெட்' என்றிருந்தால், அந்தத் தளம் 'சரிபார் டாட் நெட்'டைப் பதிவு செய்தவருடையது. முன்னால் நிற்கும் வங்கிப் பெயர் அவர் தாமாக ஒட்டிக்கொண்டது. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். சாய்கோட்டுக்குப் பிறகு வரும் வங்கிப் பெயருக்கும் மதிப்பில்லை. 'நம்வங்கி' என்பதோடு சிறு கோடு போட்டு 'சேவை' என்று சேர்த்தால் அது முற்றிலும் வேறு பெயர். அந்த முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்பே '@' குறி இருந்தால், பிரவுசர் போவது குறிக்குப் பின்னாலுள்ள இடத்துக்கே.

பூட்டு சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை நடுவில் வேறு யாரும் படிக்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை. டொமைன், அதாவது தளத்துக்கான பதிவுப் பெயர், வைத்திருக்கும் எவரும் அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழைச் சில நிமிடங்களில் இலவசமாக வாங்கிவிடலாம். பலர் பூட்டைத் தவறாக நம்பியதால்தான் குரோம் 2023-ல் அந்தப் படத்தை மாற்றியது.

கேள்வி: எழுத்தெழுத்தாகப் பார்த்தும் ஏமாற முடியுமா?

பதில்: முடியும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' போலவே தோன்றும். ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துகள் சில, ஆங்கில எழுத்துகளிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாதவை. இங்கே பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் உங்களைவிடக் கூர்மையானது. பதிவான முகவரியோடு பொருந்தினால் மட்டுமே நிரப்பும். வழக்கமாக நிரப்புவது இன்று நிரப்பவில்லையென்றால், தயவுசெய்து கையால் தட்டச்சு செய்யாதீர்கள். வங்கியின் ஆப்பையோ நீங்களே சேமித்து வைத்த புக்மார்க்கையோ திறந்து உள்ளே போங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு, ஓடிபி இரண்டையும் கொடுத்துவிட்டேன். இப்போது?

பதில்: போலித் தளக்காரர்கள் ஓடிபியை அந்த நொடியே உண்மையான தளத்தில் போட்டுவிடுவார்கள். அதனால் வெட்கப்பட்டுத் தாமதிக்க வேண்டாம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்து, கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல. பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதே பாஸ்வேர்டு வைத்திருக்கும் மற்ற இடங்களிலும். அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.