பாக்கெட்டைத் திறந்த பிறகு இரண்டு மணி நேரம்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். சென்னை விற்பனையாளர் ஒருவரிடம் 2,800 ரூபாய்க்கு வாங்கிய கோரல் பியூட்டி என்ற கடல் மீன், ராத்திரி பஸ் பார்சலில் வந்தது. காலை ஆறு மணிக்குப் பாக்கெட்டைத் திறந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விட்டுப் பழக்கி, 40 லிட்டர் குவாரண்டைன் தொட்டியில் (புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) விட்டேன். வேலைக்குக் கிளம்பும்போதே அடியில் படுத்து மூச்சு வாங்கியது. மாலை ஐந்துக்கு வந்து பார்த்தால் செத்துக் கிடந்தது. உடலில் புள்ளியோ வழவழப்போ இல்லை. செவுள் மட்டும் கருஞ்சிவப்பு. தண்ணீரில் அம்மோனியா 0.5 காட்டியது. "உங்கள் தொட்டி சரியில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் எங்கள் பொறுப்பில்லை" என்கிறார் விற்றவர். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த 0.5-ஐ முதலில் தள்ளி வையுங்கள். செத்த மீன் பகலெல்லாம் 40 லிட்டரில் கிடந்தால் அம்மோனியா ஏறத்தான் செய்யும். அதை வைத்து அவரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது, நீங்களும் அவரைச் சொல்ல முடியாது.

எனக்குச் சந்தேகம், நீங்கள் பொறுமையாகப் பழக்கிய அந்த இரண்டு மணி நேரத்தின் மேல்தான். மூடிய பாக்கெட்டில் மீன் விடும் கரியமில வாயு தங்கி, தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கும். அப்போது மீனின் கழிவு பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும், அவ்வளவு கெடுதல் செய்யாது. திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். 8.2 உள்ள தொட்டித் தண்ணீரும் சொட்டுகிறது. அதே கழிவு விஷ அம்மோனியாவாக மாற, மீன் அதற்குள்ளேயே இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறது. சிவந்த செவுளும் மூச்சு வாங்கியதும் இதோடு ஒத்துப்போகின்றன. வெல்வெட் என்ற ஒட்டுண்ணியும் மீனை ஓரிரு நாளில் கொன்றுவிடும். செவுளில் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. அந்த வாய்ப்பை முழுதாக ஒதுக்க முடியாது.

உப்பும் ஒரு காரணமாகலாம். சில கடைகளில் உப்பை 1.020 ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) அளவில்தான் வைப்பார்கள். அங்கிருந்து உங்கள் 1.025-க்கு ஒரே நாளில் ஏற்றினால் மீன் தாங்காது. இறக்குவதைவிட ஏற்றுவதுதான் ஆபத்து.

சரி, பணம். மீன் உயிரோடு வந்து உங்கள் கையில் செத்திருக்கிறது, அதனால் வழக்கு பலவீனம்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேர நிபந்தனை பில்லில் இருந்ததா, மீன் செத்த பிறகு வாட்ஸ்அப்பில் வந்ததா என்று பாருங்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லே தராததும் அப்படித்தான். குறை இருந்தது என்று காட்டுவதுதான் கஷ்டம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறம் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: விற்றவர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். கெடு 2 ஆண்டு, இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த முறை, அனுப்பும் முன்பே கடைத் தண்ணீரின் உப்பு அளவைக் கேட்டு, குவாரண்டைன் தொட்டியை அதே அளவுக்கு வையுங்கள். பாக்கெட்டை மூடியபடியே இருபது நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பாக்கெட் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. உப்பை நாலைந்து நாளில் மெல்ல ஏற்றலாம். பாக்கெட் தண்ணீரில் ஒரு டம்ளர் தனியே எடுத்து, உப்பும் அம்மோனியாவும் பார்ப்பதைப் பார்சல் சீட்டோடு சேர்த்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.