கணவருக்குத் தலைக்காயம்: உளவியலாளரை மாற்றலாமா?

சகோதரி, பைக் விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு கணவர் எல்லாவற்றையும் மறக்கிறார், சட்டென்று கத்துகிறார். உளவியலாளரோ எண்களைத் திருப்பிச் சொல்ல வைத்து, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார், ஆளை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

அந்த எண் விளையாட்டு ஒரு சோதனை. கவனம் நிற்கவில்லையா, கேட்டது மனதில் தங்கவில்லையா என்று பிரித்தறியாமல் ஆலோசனை சொல்லத் தொடங்கினால், சொன்னதே அவருக்கு நினைவிருக்காது. கோபமும் வெறும் குணம் அல்ல. ஆத்திரத்தை அடக்கும் மூளையின் முன்பகுதிதான் இப்படிப்பட்ட விபத்துகளில் அடிக்கடி பாதிக்கப்படுகிறது. நோட்டும் போன் அலாரமும் சிகிச்சையின் பகுதிதான், தட்டிக்கழிப்பு இல்லை.

அடுத்த முறை நீங்களும் உள்ளே போங்கள். சோதனை முடிவை விளக்கச் சொல்லுங்கள். அமர்வைச் சுருக்கி, பேசியதை எழுதித் தரக் கேளுங்கள். கத்துவதற்குச் சற்று முன் என்ன நடந்தது (களைப்பா, டிவி சத்தமா, ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசியதா) என்று குறித்துக்கொண்டு போனால் உளவியலாளருக்குப் பெரிய உதவி. கணவர் சோர்ந்தே கிடந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள்; மருந்து எழுதுவது அவர்தான்.

இவ்வளவு கேட்டும் உளவியலாளர் மழுப்பினால், சரி, மாற்றிவிடுங்கள். புதியவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலிப்போ, வாந்தியோடு கடும் தலைவலியோ வந்தால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.