பிரிட்ஜை நிறுத்திவிட்டுப் பதிவு செய்கிற பிள்ளைக்காகக் கடன் எடுக்க வேண்டாம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதினாள். மூன்று பாடமும் சித்தி, ஆனால் அரச பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. கனடாவிலிருக்கிற மாமா "சொஃப்ட்வெயார் என்ஜினியரிங் படிப்பியுங்கோ, வேற ஒண்டும் யோசிக்காதையுங்கோ" என்று கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறார். தனியார் நிறுவனமொன்றில் இடமும் கிடைத்தாயிற்று. கட்டணத்துக்காக 20 இலட்சம் ரூபா கடன், வட்டி 14 வீதம், 5 வருடத் தவணை. தகப்பன் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறார். மகளோ இரவு பதினொரு மணிக்கு மேல் மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, அம்மம்மா பாடும் தேவாரத்தைப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். ஒருநாள் பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து மீன் முழுக்கப் பழுதாகிவிட்டது. "இப்படிப் பொறுப்பில்லாத பிள்ளையை எந்த வழியில் விடுவது?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். மகளை ஒலி, ஒளிப்பதிவு வேலையில் விட்டுப் பாருங்கள்.

முதலில் கணக்கு. 20 இலட்சத்தை 14 வீத வட்டியில் 60 மாதத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 46,500 ரூபா. முடிவில் நீங்கள் கட்டியிருப்பது 28 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மகள் படித்து முடிப்பதற்குள்ளேயே மூன்று வருடத் தவணை உங்கள் கையால் போயிருக்கும். நடுவில் அவள் மனம் வெறுத்து விட்டாலும் வங்கி விடாது. கணினி நிரல் எழுதுவதில் ஆசையுள்ள பிள்ளைக்கு மாமா சொல்வது நல்ல படிப்புத்தான். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மகள் அப்படி ஒரு வரியாவது எழுதிப் பார்த்ததாக எங்கும் இல்லை. மாமா அன்பில் சொல்கிறார், தவணை கட்டப்போவது நீங்கள்.

இப்போது அந்தப் பிரிட்ஜுக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பிரிட்ஜின் மோட்டார் ஓடும்போது 100 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒரு முனகல் இருந்துகொண்டே இருக்கும். நமக்குக் கேட்பதில்லை, பழகிய சத்தத்தை மூளை தள்ளிவிடும். மைக் தள்ளாது. அம்மம்மாவின் குரலுக்கு அடியில் அந்த முனகல் கிடப்பதை மகள் யாரும் சொல்லித்தராமலே கேட்டிருக்கிறாள். காலி வீதி பஸ் ஹோர்னும் கரையோரப் புகையிரதமும் ஓய்கிற நேரத்தையும் தானே கண்டுபிடித்திருக்கிறாள். ஒலிப்பதிவுக்காரருக்கு முதலில் வேண்டியது இந்தக் காதுதான். கருவியைக் கடையில் வாங்கலாம், காதை வாங்க முடியாது.

சிறிய கலையகத்தில் ஒலி, ஒளிப்பதிவு வேலை என்றதும் கலியாண வீடியோ மட்டும்தான் சொந்தக்காரர் கண்ணில் தெரியும். கொழும்பில் விளம்பரக் குரல், வங்கிக்கும் தொலைபேசிச் சேவைக்கும் பதிவு செய்யும் அறிவிப்புகள், பயிற்சிக் காணொளிகள், ஒன்லைன் ரியூசன், பொட்காஸ்ட், கோயில், தேவாலய நேரலை என்று வேலை பரந்து கிடக்கிறது. பெரும்பாலானவை மும்மொழியில் போகின்றன. தமிழ்ப் பதிப்பு கடைசியில்தான் செய்யப்படும், அவசரத்தில் கெட்டும் போகும். ஆங்கிலத்தில் 30 செக்கன் விளம்பரத்துக்கு 75 சொல் வைக்கலாம். தமிழ்ச் சொல் நீளமானது, 55ஐத் தாண்டினாலே வாசிப்பவர் மூச்சு வாங்கத் தொடங்குவார். எங்கே வெட்ட வேண்டும், எந்த இடத்தில் ழகரம் வழுக்கியது என்று சொல்ல, தமிழ் கேட்கத் தெரிந்த ஒருவர் மேசையில் இருக்க வேண்டும்.

வேலையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் நின்று ஒருதரம் கை தட்டினால் "ட்ரிங்" என்று ஒரு நடுக்கம் திரும்பி வரும். எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்தாக எறிந்து பிடிக்கின்றன. பலர் இதற்கு முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். அது கீச்சு ஒலியில் கொஞ்சத்தை உறிஞ்சும், ஆண் குரலின் அடி அப்படியே குமுறிக்கொண்டிருக்கும். ரொக்வூல் என்கிற கனிமப் பஞ்சுப் பலகையை நான்கு அங்குலத் தடிப்பில் சட்டம் அடித்து, துணி போர்த்தி, சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி, பேசுபவரின் முன்னும் பின்னும் மூலைகளிலும் வைத்தால் அறை அடங்கும். தெருச் சத்தத்தை நிறுத்துவது வேறு வேலை. அதற்குப் பாரமான கதவும் இடுக்கு விடாத இறப்பர் அடைப்பும் வேண்டும், ஸ்பொஞ்ச் ஒட்டி பஸ்ஸை நிறுத்த முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் புதிதாகக் கலையகம் போடுபவர்களின் காசு வீணாகிறது.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். அப்போது "ப" சொல்லும்போது வரும் காற்று நேரே மோதாது. அடங்காத அறைக்கு டைனமிக் மைக் நல்லது. 48 வோல்ட் கேட்கும் கொன்டென்சர் மைக் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்துப் பிடித்துவிடும். காணொளிக்கான ஒலியை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து, உரத்த இடம் மைனஸ் 12 டெசிபெல்லைச் சுற்றி நிற்கும்படி அளவை வைப்பார்கள். பூச்சியம்தான் உச்ச எல்லை, அதைத் தொட்டு உடைந்த குரலை முழுதாக மீட்க முடியாது. எல்லோரும் பேசி முடிந்ததும் 30 செக்கன் யாரும் அசையாமல் அறையின் மௌனத்தையும் பதிவு செய்வார்கள். வெட்டி ஒட்டுகிற இடத்தில் அந்த மௌனத்தை நிரப்பாவிட்டால், துளை விழுந்ததுபோல் காதில் தட்டும்.

படத்திலும் அந்த 50 ஹேர்ட்ஸ் வருகிறது. செக்கனுக்கு 30 பிரேமில், ஷட்டரைச் செக்கனின் 60இல் ஒன்றாக வைத்து டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடக்கூடும். 25 பிரேம், 50இல் ஒன்று என்று மாற்றினால் நின்றுவிடும். கடற்கரைப் பக்கத்து ஈரத்தில், தோல் உறையோடு அலுமாரியில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சணம் நூல்போல் படரும். ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்தில் நிற்கும் பெட்டியில் வைக்க வேண்டும். எழுத்துப் போடுவதும் நம்மவர் கைக்கு வரவேண்டிய வேலை. பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிக்கோடுக்கு மாற்றாமல் வேறு எழுத்துருவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பி வரும். எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய எழுத்து முறையைத் தெரிவு செய்யாமல் விட்டால் திரையில் "கொ" துண்டு துண்டாகச் சிதறும். தமிழ் வாசிக்கத் தெரியாத எடிட்டருக்கு அது பிழை என்றே தெரியாது.

கோப்பு ஒழுங்கில் உங்கள் மகள் கட்டாயம் திருந்த வேண்டும், மீன் விஷயத்தில் உங்கள் கோபம் சரி. செக்கனுக்கு 100 மெகாபிட்டில் காணொளி எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட். இரண்டு கமரா, மூன்று மணித்தியாலம் என்றால் 270. இரண்டு டிரைவில் பிரதி எடுத்து, திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். ஒரு வீட்டின் பூப்புனித நீராட்டு விழாவை அழித்துவிட்டுத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போது கமரா வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு டைனமிக் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ், மூடிய ஹெட்போன், ஸ்டான்ட், கேபிள். எல்லாம் சேர்த்து அந்தக் கடன் தொகையில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும், கடனில்லாமல் கைக்காசில் வாங்க வேண்டும். எடிட்டிங்குக்கு டவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு போதும், ஒலிக்கான பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. பயிற்சிநெறியில் சேர்ப்பதென்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, தேசிய தொழிற்றகைமையில் எந்த மட்டம், ஒரு கமராவுக்கு எத்தனை மாணவர், கையால் செய்யும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாமல் பட்டமளிப்புப் படங்களைக் காட்டினால் எழுந்து வாருங்கள்.

வருமானம் முதல் இரண்டு வருடம் ஒழுங்காக வராது. வேலை முடிந்தும் காசு இழுபடும், ஆகவே பாதி முற்பணம் இல்லாமல் தொடங்கக் கூடாது. விலைமனு எழுத, வரவு செலவு பார்க்க அவள் படித்த கணக்கீடு இங்கே கைகொடுக்கும். "பொம்பிளைப் பிள்ளை ராத்திரி நேரம் எப்படி?" என்று மாமி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். குரல் பதிவும் எடிட்டிங்கும் பெரும்பாலும் பகல் வேலை. வெளிப் படப்பிடிப்பு என்றால் முடியும் நேரத்தையும் திரும்பி வரும் வாகனத்தையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கலாம். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதம் விடுங்கள். அம்மம்மாவின் பத்துப் பதிகங்களை முனகலில்லாமல், ஒரே அளவில், பெயரும் திகதியும் போட்ட கோப்புகளாக முடித்துத் தரச் சொல்லுங்கள். முடித்தால் அவற்றை எடுத்துக்கொண்டு பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சிறிய கலையகத்தில் பயிலுநராகக் கேட்கட்டும். முடிக்காமல் இழுத்தடித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பேசுவோம். அதுவரை மாமாவின் போனை மகளிடமே கொடுங்கள், அவளே பதில் சொல்லட்டும். மீன் பழுதாகாமலிருக்க, வெளியிடத்தில் ஒலிப்பதிவு செய்பவர்கள் கையாளும் முறை ஒன்று இருக்கிறது: பிரிட்ஜை நிறுத்தும்போது தன் போனின் சார்ஜரை அதற்குள் வைத்துவிடச் சொல்லுங்கள். படுக்கப் போகுமுன் தேடுவாள்.