மாமாவுக்கு ஒரு சம்பளத்தில் கிடைத்த வீடு, எங்களுக்கு ஏன் எட்டவில்லை?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். இருவரும் வேலை. சேர்த்து வருடத்துக்கு 130,000 டொலர் வருகிறது. கையில் 90,000 இருக்கிறது, அதில் 30,000 சீட்டு எடுத்த காசு. இரண்டு கார்களுக்கும் மாதம் 1,300 டொலர் தவணை. மாமா 2000ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சம்பளம் ஒன்றிலேயே வீடு வாங்கினார். புதிதாக வந்த சனத்தால்தான் விலை ஏறியது என்கிறார். விலை இறங்கும்வரை பொறுக்கவா, இப்போதே வாங்கவா?

பதில்: சகோதரி, நீங்கள் சிக்கனமில்லாமல் இருந்ததால் இந்த நிலை வரவில்லை. 2000ஆம் ஆண்டு ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஒரு வீட்டின் சராசரி விலை சுமார் 243,000 டொலர். 2022 பெப்ரவரியில் அது 13 இலட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டியது. ஐந்து மடங்குக்கு மேல். அதன்பின் இறங்கியது உண்மைதான், ஆனாலும் மாமாவின் காலத்துக்குக் கிட்டவும் வரவில்லை. எந்தத் தொழிற்சாலையில் சம்பளம் ஐந்து மடங்கு ஏறியது?

மாமா சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. 2023இல் மட்டும் கனடாவின் சனத்தொகை 12 இலட்சத்துக்கு மேல் கூடியது. அதில் பெரும்பகுதி மாணவர்களும் தற்காலிகத் தொழிலாளர்களும். வாடகையை அது நன்றாக ஏற்றிவிட்டது. ஆனால் வீட்டு விலை பாய்ந்தது அதற்கு முன்பே, கொவிட்டால் எல்லைகள் பூட்டிக் கிடந்த 2020, 2021இல். 2020 மார்ச்சில் கனடா மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதத்துக்கு இறக்கி, இரண்டு வருடம் அங்கேயே வைத்திருந்தது. ஏற்கனவே வீடு வைத்திருந்தவர்கள் அதன் ஏறிய பெறுமதியைக் காட்டிக் கடன் எடுத்து இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்கினார்கள். எங்கள் சனத்திலும் கனபேர் அப்படித்தான் வாங்கினார்கள். முதல் வீடு தேடுபவர் அவர்களோடு ஏலத்தில் நின்று வெல்ல முடியவில்லை.

அதைவிட ஆழமான காரணம் நிலம். உங்கள் தெருவையே பாருங்கள். அகலமான காணியில் ஒற்றை மாடி வீடு, முன்னால் புல், பின்னால் புல். அதே காணியில் நான்கு குடும்பத்துக்கு வீடு கட்ட, 2023 மே மாதம்வரை ரொறன்ரோவின் பெரும்பாலான தெருக்களில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கட்டக்கூடிய இடம் சுருங்கினால், இருக்கிற காணி பொன்னாகும். புதிதாகத் தனி வீடு கட்டினால் நகரம் அறவிடும் அபிவிருத்திக் கட்டணமே 2024இல் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. அந்தக் காசும் கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிட்டார்கள். ஒருகாலத்தில் அரசாங்கமே கூட்டுறவு வீடுகளுக்கும் குறைந்த வாடகை வீடுகளுக்கும் காசு போட்டுக் கட்டுவித்தது. 1993இல் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குக் காசை நிறுத்தியது. 1995இல் ஒன்ராறியோவும் கையை விட்டது. முப்பது வருடமாகக் கட்டாமல் விட்டதன் வலியை இப்போது உங்கள் வயதுக்காரர்கள் அனுபவிக்கிறீர்கள். வழக்கமாகக் கட்டுவதற்கு மேலாக 2030க்குள் 35 இலட்சம் வீடுகள் தேவை என்று மத்திய அரசின் வீட்டுக்கடன், வீடமைப்பு நிறுவனமே 2022இல் கணக்குச் சொன்னது. எனக்கு இதில் கோபம் உண்டு, ஏனென்றால் இது தெரிந்தே விடப்பட்ட பிழை.

ஆகவே மாமா காலத்து விலைக்காகக் காத்திருக்க வேண்டாம். விலை இறங்கினால் கட்டுபவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், பிறகு வீடு இன்னும் தட்டுப்படும். அண்மையில் ரொறன்ரோவில் பல கொண்டோ (அடுக்குமாடி வீடு) திட்டங்கள் அப்படித்தான் கைவிடப்பட்டன.

அதற்காக அந்தரப்பட்டும் வாங்காதீர்கள். வட்டி குறைவாக இருந்தபோது மாறும் வட்டியில் வாங்கிய ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. மாதத் தவணை 2,900இலிருந்து 4,600க்கு ஏறிவிட்டது. மேல்வீடு முழுவதையும் வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரரே கீழே இறங்கியிருந்தார்கள். சலவை மெஷினுக்குப் பக்கத்தில் மகளின் படிப்பு மேசை.

உங்கள் கணக்குக்கு வருவோம். வங்கி தரும் வட்டி 4.5 சதவீதமாக இருந்தாலும், 6.5 சதவீதத்தில் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கடன் தருவார்கள். 25 வருடக் கடனுக்கு, வேறு கடன் இல்லாவிட்டால், உங்கள் வருமானத்துக்குச் சுமார் 560,000 டொலர் கிடைக்கலாம். கார்த் தவணை 1,300 போகும்போது அது 450,000 அளவுக்கு இறங்கும். இரண்டு கார்கள் உங்களிடமிருந்து ஒரு இலட்சத்துக்கு மேல் எடுக்கின்றன! ஒரு காரின் கடனையாவது முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தனி வீடு இப்போதைக்கு எட்டாது. கொண்டோ அல்லது சிறிய டவுன்ஹவுஸ் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) எட்டலாம். கொண்டோவின் மாதக் கட்டணத்தில் பாதியையும் வங்கி செலவாகக் கணக்கில் எடுக்கும், மறக்காதீர்கள்.

சீட்டுக் காசு கவனம். முதற்பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி பொதுவாக 90 நாள் கணக்கறிக்கை கேட்கும். திடீரென்று 30,000 விழுந்திருந்தால் விளக்கம் சொல்ல வேண்டும், சீட்டுக்கோ பெரும்பாலும் ரசீதுத் துண்டு இல்லை. வீடு பார்க்கத் தொடங்குவதற்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே அதைக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

இருவருமே இதற்கு முன் வீடு வாங்காதவர்கள் என்றால், ஆளுக்கொரு முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்குத் திறவுங்கள். வங்கியில் எஃப்எச்எஸ்ஏ என்று கேட்டால் தெரியும். வருடத்துக்கு 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம். போடுவது வருமான வரியில் கழியும், வீட்டுக்காக எடுக்கும்போதும் வரி இல்லை. இருவர் சம்பளமும் ஏறக்குறைய சமம் என்றால், 8,000 போட்டதற்கு ஆளுக்கு இரண்டாயிரம் டொலருக்கு மேல் திரும்பி வரும். கணக்குத் திறந்த பிறகுதான் வருடத்துக்கு 8,000 போடும் உரிமை சேரத் தொடங்கும், ஆகவே டிசம்பர் 31க்கு முன் திறவுங்கள்.

பேஸ்மென்ட் வாடகை வந்தால்தான் தவணை கட்டலாம் என்ற நிலையில் எந்த வீட்டுக்கும் கையெழுத்து வைக்காதீர்கள். அடுத்த மாதம் இருவருடைய டி4 (வேலையிடம் தரும் வருடச் சம்பளப் பத்திரம்), கார்க் கடன் பத்திரங்கள், மூன்று மாத வங்கி அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு, வீடு விற்கும் முகவரிடம் போவதற்கு முன் ஒரு வீட்டுக்கடன் ஆலோசகரிடம் போங்கள்.