நோ ஃபீ வீட்டுக்கு எதற்குக் கமிஷன்?

கேள்வி: என் கணவருக்கு நியூயார்க் ஆபீசுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஆறு வாரத்தில் கிளம்புகிறோம். மாதம் 3,200 டாலருக்குள் ஒரு பெட்ரூம் வீடு பார்க்கிறோம். தெரிந்தவர் மூலம் ஒரு புரோக்கர் அறிமுகமானார். “எல்லாமே நோ ஃபீ வீடாகக் காட்டுகிறேன். எனக்கு மட்டும் ஒரு மாத வாடகை கமிஷன். இப்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்” என்கிறார். நோ ஃபீ என்றால் கமிஷன் கிடையாது என்றுதானே அர்த்தம்? எங்களுக்கு அமெரிக்காவில் கிரெடிட் ஸ்கோரும் கிடையாது. புரோக்கர் இல்லாமல் யாராவது வீடு தருவார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சகோதரி, அந்த ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு வரக்கூடிய முழு நஷ்டமும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

நியூயார்க் நகரத்தில் 2025 ஜூன் 11 முதல் ஃபேர் ஆக்ட் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவர்தான் கமிஷன் தரவேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பு, வீட்டு ஓனர் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட புரோக்கருக்குக் குடிவருகிறவர் பணம் கட்டவேண்டியிருந்தது. ஒரு மாத வாடகை என்பார்கள், சில இடங்களில் வருட வாடகையில் 15 சதவீதம் என்பார்கள். நீங்கள் சொல்லும் வாடகைக்கு அந்த 15 சதவீதம் 5,760 டாலர்! இப்போது ஓனரின் அனுமதியோடு விளம்பரம் போட்ட புரோக்கர் உங்களிடம் கமிஷன் கேட்கக்கூடாது. ‘என்னை உங்கள் புரோக்கராக வைத்துக்கொண்டால்தான் இந்த வீடு’ என்று நிபந்தனை போடவும் கூடாது.

ஆனால் நீங்களாகவே ஒருவரை அமர்த்தினால் அவருக்கு நீங்கள்தான் கொடுக்கவேண்டும். வீடு நோ ஃபீயாக இருந்தாலும் அப்படித்தான். அந்த வார்த்தை ஓனர் தரப்புக் கமிஷன் உங்கள் தலையில் விழாது என்று மட்டும்தான் சொல்கிறது. அவர் அனுப்பச் சொல்லும் தாள், ‘இவரை நாங்கள்தான் அமர்த்தினோம்’ என்று நீங்களே எழுதிக்கொடுப்பது. அதோடு 3,200 டாலர் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

அந்தப் பணத்துக்கு அவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். லாங் ஐலண்ட் சிட்டி, டவுன்டவுன் புரூக்ளின் பக்கமெல்லாம் பெரிய அடுக்குமாடிகளில் கீழேயே, ஓனர் தரப்பில் வீட்டை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸ் இருக்கும். நேராகப் போனால் அங்கே வேலை செய்கிறவரே வீட்டைத் திறந்து காட்டுவார். ஸ்ட்ரீட்ஈஸி தளத்தில் காலியாக இருக்கும் வீடுகள் வாடகையோடு வரும். உங்கள் புரோக்கரும் பெரும்பாலும் அதே பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிரெடிட் ஸ்கோர் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் புரோக்கரால் அதைத் தீர்க்க முடியாது. அங்கே ஓனர்கள் பொதுவாக மாத வாடகையைப் போல 40 மடங்கு வருடச் சம்பளம் கேட்பார்கள். 3,200 டாலர் வாடகைக்கு அது 1,28,000 டாலர். சம்பளம் குறைந்தாலோ ஸ்கோர் இல்லாவிட்டாலோ வாடகைக்கு ஜாமீன் நிற்கும் கியாரண்டர் வேண்டும், அவருடைய வருடச் சம்பளம் மாத வாடகையைப் போல 80 மடங்கு இருக்கவேண்டும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு யார் அப்படி ஜாமீன் நிற்பார்கள்? அதற்கென்றே கட்டணம் வாங்கிக்கொண்டு கியாரண்டி தரும் கம்பெனிகள் இருக்கின்றன. ‘வெளி கியாரண்டி கம்பெனியை ஏற்றுக்கொள்வீர்களா?’ என்பதை லீசிங் ஆபீசில் முதல் கேள்வியாகக் கேளுங்கள். கணவரின் கம்பெனியிடம் சம்பளமும் சேரும் தேதியும் போட்ட கடிதம் இப்போதே வாங்கிவிடுங்கள்.

‘ஸ்கோர் இல்லையே, ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் பணிந்துபோகாதீர்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கமான வாடகை வீட்டுக்கு டெபாசிட்டாகவோ அட்வான்ஸாகவோ ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதோடு முதல் மாத வாடகை. ஆக 6,400 டாலரில் சாவி கைக்கு வந்துவிட வேண்டும். பின்னணி விசாரிக்க என்று வாங்கும் கட்டணமும் 20 டாலரைத் தாண்டக்கூடாது.

வாடகை விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 3,208 டாலர் என்று விளம்பரம் இருக்கும். லீஸைப் பிரித்தால் 3,500 என்றிருக்கும். ஒரு மாதம் இலவசம் என்று சொல்லி, 11 மாத வாடகையை 12 மாதத்துக்குப் பரப்பிக் காட்டிய எண் அது. அடுத்த வருடம் வாடகை 3,500லிருந்துதான் ஏறும். உங்கள் பட்ஜெட்டுக்கு அந்த வீடு சரிவராது.

எனக்குச் சரியாகப் படுவது இதுதான். முதல் மாதத்துக்கு மட்டும் தங்க இடம் தரமுடியுமா என்று கணவரின் கம்பெனியைக் கேளுங்கள். முடியாதென்றால் நீங்களே ஒரு மாதத்துக்கு, சாமான்களோடு இருக்கும் இடமாக எடுங்கள். 30 நாளுக்குக் குறைவான வாடகைக்கு அந்த ஊரில் கெடுபிடி அதிகம் என்பதால் முழு மாதமாகவே எடுப்பது நல்லது. அங்கிருந்துகொண்டு வீடுகளை நேரில் பாருங்கள். சமையலறைக் குழாயைத் திறந்து வெந்நீர் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள், ஜன்னலை மூடிவிட்டுத் தெருச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று நின்று கேளுங்கள். கட்டடத்தின் மேல் என்னென்ன புகார் பதிவாகியிருக்கிறது என்று நகர வீட்டுவசதித் துறைத் தளத்தில் முகவரியைப் போட்டாலே தெரியும். குளிர்காலத்தில் ஹீட்டர் வரவில்லை என்று வரிசையாகப் புகார் இருந்தால் அந்த வீடு வேண்டாம். சென்னையில் இருந்தபடி, பார்க்காத வீட்டுக்கு யார் கேட்டாலும் பணம் அனுப்பாதீர்கள்.

அப்புறம், ஹட்சன் ஆற்றைத் தாண்டி ஜெர்சி சிட்டியில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்களும் அங்கே தேடலாம். ஆனால் அது வேறு மாநிலம், ஃபேர் ஆக்ட் அங்கே செல்லாது. கமிஷன் யார் தருவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோக்கரே கூடாது என்று நான் சொல்லவில்லை. இறங்கிய மறுநாளே வேலை, கைக்குழந்தை, அலைய ஆளில்லை என்ற நிலைமை என்றால் நல்ல புரோக்கருக்குக் கொடுக்கும் பணம் தகும். அப்படியானால் அவருடைய லைசென்ஸ் எண்ணை வாங்கி மாநில அரசின் தளத்தில் சரிபாருங்கள். லீஸில் கையெழுத்தான பிறகுதான் கமிஷன், நாங்களே கண்டுபிடித்த வீட்டுக்குக் கிடையாது, ஒப்பந்தம் இன்ன தேதியோடு முடியும் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ‘நீங்கள் காட்டும் வீட்டு ஓனரிடமிருந்தும் உங்களுக்குப் பணம் வருகிறதா?’ என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் மழுப்பினால் அவரை விட்டுவிடுங்கள். ஆறு வாரம் போதுமான அவகாசம்.