டை ஹார்ட் துப்பாக்கிப் படத்தை ஏன் திரும்ப மாற்றினார்கள்?

வணக்கம் நண்பரே. விக்கி தளத்தில் ‘டை ஹார்ட்’ (1988) திரைப்படத்துக்கான பக்கத்தில் இருந்த மங்கலான துப்பாக்கிப் படத்தை எடுத்துவிட்டு, எம்பி5 என்ற சப்மெஷின் துப்பாக்கியின் பளிச்சென்ற படத்தைப் போட்டீர்கள், மறுநாளே பழையதைத் திரும்ப வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உழைப்பு வீணானால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் திரைப்படத்தில் கொள்ளையர் கையில் இருப்பது அசல் எம்பி5 இல்லை. எச்கே94 என்ற கார்பைன், அதாவது சிறிய ரைபிள். அதன் ஏறத்தாழ 16 அங்குலக் குழலை வெட்டிக் குறுக்கி, தொடர்ந்து சுடும்படி மாற்றிப் படப்பிடிப்புக்குக் கொடுத்தார்கள். குழல் முனையை உற்றுப் பாருங்கள்: எம்பி5-இல் சைலன்சர் மாட்டுவதற்கு மூன்று சிறு முகடுகள் இருக்கும், இதில் மொழுக்கென்று இருக்கும். மேகசினுக்குப் (தோட்டாக் கூட்டுக்குப்) பின்னால், அதைக் கழற்ற விரலால் தள்ளும் நெம்புகோலும் இருக்காது.

இன்னொன்று, பழைய கோப்பின் பெயரிலேயே வேறு துப்பாக்கியின் படத்தை ஏற்றாதீர்கள். அந்தக் கோப்பு இருக்கும் எல்லாப் பக்கங்களிலும் படம் மாறிவிடும். புதுப் பெயரில் ஏற்றி, திருத்தங்களை விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். ப்ளூரேயிலிருந்து குழல் முனை தெளிவாகத் தெரியும் காட்சி ஒன்றை எடுத்துப் போடுங்கள், நானும் ஆதரவாக எழுதுகிறேன்.